இருபதாவது பெயர்

ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வெர்லீன் டப்ஸுக்குப் பதினோரு நிமிடம் போதும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, முகவரிக்கு ஒரு மின்கட்டண ரசீது, தாயின் கையெழுத்து, அவ்வளவுதான். பன்னிரண்டாவது நிமிடம் பிள்ளை வகுப்பறையைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும். சான்று இல்லை, ரசீது இல்லை என்று தாய் கையைப் பிசைந்தால், "அதெல்லாம் மெதுவா வரட்டும் கண்ணு, பிள்ளை முதல்ல போகட்டும்" என்பார். இருபத்தாறு வருட வேலையில் எந்தப் பிள்ளையின் விண்ணப்பமும் அவர் மேசையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஒன்றே ஒன்று தங்கியது. அதைப் பற்றி இங்கே சொல்லிக்கொள்கிற கதையில் பாதி பொய். அந்தப் பொய்யில் எனக்குப் பங்கு இருப்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெனிட்டா ஹோப்ஸ். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கம் இருக்கும் நியூ ஃபர்ரோ அகாடமியில் அலுவலக வேலை. எங்களுடையது சார்ட்டர் பள்ளி. பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது தனி நிர்வாகம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். மதிப்பெண் சரியில்லை என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். கட்டடம் ஒரு காலத்தில் பலசரக்குக் கடையாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த மூலையில்தான் இறைச்சி வெட்டினார்களாம். தரையில் இன்னமும் தண்ணீர் போக ஒரு துளை இருக்கிறது. வெர்லீன் தன் நாற்காலியை அந்தத் துளைக்கு நேர் மேலே போட்டிருப்பார். "மேலதிகாரி கத்தும்போது இது வழியா இறங்கிப் போயிடலாம் பாரு" என்பார்.

ஆள் குள்ளம், குரல் பெரிசு. கணவர் ரோஸ்கோ போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறவர்களை இடம் காட்டி உட்காரவைப்பார். மற்ற ஆறு நாளும் வாயில் ஐஸ்கட்டியைப் போட்டுக் கடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. "உங்க பல்லு ஒரு நாள் கொட்டப்போகுது மிஸ் வெர்லீன்" என்றால், "கொட்டட்டும்டி, ஐஸை உறிஞ்சிக்கிறேன்" என்பார்.

அன்றன்றே பிள்ளையைச் சேர்க்கிற பிடிவாதம் எதற்கு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார். தலைமையாசிரியரிடம் சட்டம் என்பார். போதகரிடம் வேதம் என்பார். என்னிடம், "மேசை அசிங்கமாயிடும்டி" என்று முடித்துக்கொள்வார். உண்மையான காரணம் எனக்குத் தெரியாது. ஒருவேளை மூன்றுமே உண்மைதானோ என்னவோ.

விண்ணப்பத்தில் இனம் என்று ஒரு பகுதி உண்டு. கறுப்பர், வெள்ளையர், ஆசியர் என்று வரிசையாகக் கட்டங்கள். மற்ற பள்ளிகளில் முகத்தைப் பார்த்து 'டிக்' போட்டுவிடுவார்கள். வெர்லீன் கேட்டுத்தான் போடுவார். செம்பட்டை முடியும் பூனைக்கண்ணுமாக ஒரு பையனைக் கூட்டிவந்த தாய் "கறுப்பன்" என்று சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். வெர்லீன் நிமிரவே இல்லை. அவள் போனதும் என்னிடம், "அவ பெத்த பிள்ளை எதுன்னு அவளுக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியுமோ?" என்று ஒரு போடு போட்டார்.

இந்தக் கட்டங்கள்தான் எங்களுக்கு எமனாக வந்தன. வருடா வருடம் தேர்வு முடிந்ததும் பள்ளிக்கு ஓர் அறிக்கை வரும். மொத்தத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு விடமாட்டார்கள். கறுப்புப் பிள்ளைகளில் எத்தனை, ஸ்பானியப் பிள்ளைகளில் எத்தனை, ஆசியப் பிள்ளைகளில் எத்தனை என்று பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். ஒரு பிரிவில் இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் எண் வராது. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். இருபது பேர் சேர்ந்துவிட்டால் நட்சத்திரம் போய் எண் வந்துவிடும். யார் யார் கணக்கில் வருவார்கள் என்றால், செப்டம்பர் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் ஏறியவர்கள். அடுத்த திங்கட்கிழமை சேருகிற பிள்ளையும் தேர்வு எழுதும், ஆனால் அந்த மதிப்பெண் பள்ளியின் தலையில் விழாது.

எங்களிடம் இருந்த நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஆசியர் பத்தொன்பது பேர். அத்தனை பேரும் ரோஹிங்கியா வீட்டுப் பிள்ளைகள். பர்மாவிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, மலேசியாவில் ஒளிந்து வாழ்ந்து, அங்கிருந்து எங்கள் தெருக்களுக்கு வந்த குடும்பங்கள். பல பிள்ளைகள் பத்து வயதில்தான் முதல்முறையாகப் பென்சில் பிடித்தவர்கள். எல்லோருக்கும் பிறந்தநாள் ஜனவரி ஒன்று. முகாமில் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்களாம். அந்தப் பத்தொன்பது பேரில் வாசிப்புத் தேர்வில் தேறியது ஒரே ஒருத்தி.

அந்த வருடம் உரிமம் புதுப்பிக்கிற வருடம். எந்தப் பிரிவும் கடைசிப் படிக்குக் கீழே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. கறுப்புப் பிள்ளைகளும் ஸ்பானியப் பிள்ளைகளும் எப்படியோ தட்டுத்தடுமாறி மேலே நின்றுவிட்டார்கள். ஆசியர் இடத்தில் நட்சத்திரம் இருக்கும்வரை பள்ளி பிழைக்கும்.

என் பிழைப்பும் அதில்தான் இருந்தது. வேலையைச் சொல்லவில்லை, வேலை எங்கே போனாலும் கிடைக்கும். என் மகன் கீஷானைச் சொல்கிறேன். அவன் படித்த முதல் பள்ளியை இரண்டாம் வகுப்பு நடுவில் மூடினார்கள். அடுத்ததை மூன்றாம் வகுப்பு முடிவில் மூடினார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு பையன் பேச்சையே குறைத்துவிட்டான். புத்தகத்தை எடுத்தால் கண் கலங்கும். நியூ ஃபர்ரோவில் ஒரு வருடம் ஆன பிறகுதான் ஒரு நாள் காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். நான் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். மூன்றாவது பள்ளியும் அவன் தலைமேல் மூடப்படுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் வெள்ளிக்கு முந்தின வியாழன். மத்தியானம் தலைமையாசிரியர் மிஸ்டர் ஓடெல் ப்ரூயிட் எங்கள் பக்கம் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. தன் சொந்தக் காசில் பிள்ளைகளுக்குக் குளிர்கோட்டு வாங்குகிறவர். கழுத்துப்பட்டியை நீவிக்கொண்டே நின்றார்.

"மிஸ் வெர்லீன், ஆசியர் கட்டத்துல இன்னிக்கு எத்தனை?"

"பத்தொன்பது. நேத்தும் பத்தொன்பது. நீங்க இன்னிக்கு மூணாவது தடவை கேக்குறீங்க."

"சும்மாதான் கேட்டேன். நான் ஒண்ணும் சொல்லலை."

"நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு நானும் எழுதி வெச்சுக்கிறேன்" என்றார் வெர்லீன். மிஸ்டர் ப்ரூயிட் சிரிக்காமல் போய்விட்டார்.

இரண்டரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. சிறுமியின் காலில் பெரிய ஆளின் செருப்பு. நெகிழி உறையில் எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தது. சொமுதா காத்துன் தாயின் பெயர். மகள் ரொஃபிகா. பிறந்தநாள் ஜனவரி ஒன்று. இதற்கு முன் படித்த பள்ளி என்ற இடம் காலியாக இருந்தது.

வெர்லீன் பேனாவை எடுத்தார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. இப்படி வருகிறவர்களுக்காக ஒரு மொழிபெயர்ப்புத் தொலைபேசி வசதி உண்டு. எண்ணைச் சுழற்றி மொழியைச் சொன்னால், எங்கோ ஓர் ஊரில் இருக்கும் ஆள் நாம் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்வார். அந்த போன் என் மேசையில் இருந்தது. ஒரு மூலையில் ஒதுங்கி நின்று பேசுவது நான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற தாய், எதிரே உட்கார்ந்திருக்கும் வெர்லீனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். காதில் விழுவது ஒலிபெருக்கியில் வரும் அந்நிய ஆணின் குரல்.

நான் எண்ணைப் போட்டேன். ஆள் வந்தார். வெர்லீன் என்னைப் பார்த்தார். அவர் பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இது இருபது.

"இன்னிக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யலை. திங்கட்கிழமை வரச்சொல்லுங்க" என்றேன் போனில்.

இது என் வாயிலிருந்து வந்தது. யாரும் சொல்லச் சொல்லவில்லை. மிஸ்டர் ப்ரூயிட் சொல்லவில்லை. வெர்லீன் சொல்லவில்லை. கீஷான் பெயரை நினைத்தேன், வாய் தானாகத் திறந்தது. போனில் இருந்தவர் அவர்கள் பாஷையில் அதைச் சொன்னார். தாய் வெர்லீனையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். வெர்லீன் வாயைத் திறந்தார், மூடினார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதினோரு நிமிடம் போதும். அவர் சொல்லவில்லை. தாய் நெகிழி உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பெரிய செருப்பு சரக் சரக்கென்று வாசல்வரை போனது. விண்ணப்பம் மட்டும் மேசையில் கிடந்தது.

அவர்கள் போனபின் நான், "மூணு நாள்தானே மிஸ் வெர்லீன். திங்கட்கிழமை முதல் ஆளா நானே உள்ள கூட்டிட்டு வரேன்" என்றேன்.

அவர் ஐஸ் டம்ளரை எடுத்தார், திரும்ப வைத்தார்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு வெர்லீன் கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை வேலை முடிந்து நேராக அந்த முகவரிக்குப் போனார். மரப்படி ஏறி மாடிக் கதவைத் தட்டினார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம், கதவு திறக்கவில்லை. கதவைத் தட்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டு போகத்தான் வருவார்கள் என்று பழகிப்போன சனம், எப்படித் திறக்கும்? அது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

"வேற ஸ்கூல்ல சேந்திருப்பாங்க" என்றேன்.

"சேரலை. எல்லா ஸ்கூலுக்கும் போன் போட்டுட்டேன்" என்றார். "அடியே, அவ திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைன்னு நெனைக்கலை. போ, வராதேன்னு நெனைச்சுட்டா. மலேசியாவுல பத்து வருஷம் இதைத்தான் கேட்டிருக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். நீ போனைப் பாத்துக்கிட்டு இருந்தே."

அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனது எனக்குத் தெரியும். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. நவம்பரில் ஒருநாள் வழுக்கி விழுந்து முழங்காலில் கட்டோடு வந்தார். என்ன ஆயிற்று என்றேன். "பனி" என்றார். எந்த வாசல்படிப் பனி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் கூடப் போகவேண்டி வருமே. என் கோழைத்தனத்தை நான் நன்றாகவே அறிவேன்.

பிப்ரவரியில் உரிமம் புதுப்பித்துக் கிடைத்தது. அறிக்கையில் ஆசியர் என்ற இடத்தில் அழகாக ஒரு நட்சத்திரம். மிஸ்டர் ப்ரூயிட் எல்லோருக்கும் கேக் வெட்டினார். நான் இரண்டு துண்டு தின்றேன். வெர்லீன் தன் துண்டைக் கைக்குட்டைத் தாளில் சுற்றி வைத்தார். மாலையில் பார்த்தால் அப்படியே இருந்தது.

ஏப்ரலில் ஆறாம் வகுப்பு ரோஹிங்கியாப் பையன் ஒருவன் தாமதச் சீட்டுக்கு வந்து நின்றபோது வெர்லீன் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். ரொஃபிகா அவனுக்குச் சித்தப்பா மகளாம். "அவ வீட்டுலதான் இருக்கா. தம்பியைப் பாத்துக்குறா. அம்மா வேலைக்குப் போறாங்க. ஸ்கூல் வேண்டாம்னு சொல்லிட்டாங்கல்ல" என்றான். யார் சொன்னது என்று வெர்லீன் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். சொந்தக்காரன் குரல் கேட்டதும் கதவு திறந்தது.

மறுநாள் காலை ரொஃபிகா வந்தாள். பதினோரு நிமிடம். நான் எதிர் மேசையில் குனிந்தபடி எதையோ எழுதுவதுபோல் இருந்தேன். அவள் வகுப்புக்குப் போனபின் வெர்லீன் கடைசித் தாளைத் திருப்பினார். அதில் ஒரு கேள்வி உண்டு: பள்ளிப் படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் எழுதவும். போர், முகாம், நோய் என்று எழுதி நிரப்பிவிட்டுப் போவோம். அவர் நிதானமாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'செப்டம்பரில், மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் இந்தப் பிள்ளை இங்கே வந்தாள். நான் திருப்பி அனுப்பினேன். வெர்லீன் டப்ஸ்.'

"ஐயோ, என்ன காரியம் பண்றீங்க! குடும்பம் வரலைன்னு எழுதுங்க. அதுவும் உண்மைதானே."

"ஏழு மாசம் அந்தப் பிள்ளை வீட்டுல உக்காந்திருந்தா. அதுக்கு அவ அம்மா மேல பழியா?"

"அப்போ என் பேரைப் போடுங்க. சொன்னது நான்."

"நீ சொன்னே. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். பேனா என் கையில இருந்துச்சு." தாளைக் கோப்பில் வைத்து மூடினார். "உனக்குப் பிள்ளை இருக்கான். எனக்கு யாரு இருக்கா? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது.

அகதிப் பிள்ளைகளின் கோப்புகளைக் கோடையில் அதிகாரிகள் வந்து சரிபார்ப்பது வழக்கம். முதல் நாளே அந்தத் தாள் அவர்கள் கையில் சிக்கியது. ஆகஸ்டில் சாப்பாட்டு அறையில் விசாரணை. மூன்று பேர் ஒரு மேசையில், வெர்லீன் எதிரே தனியாக. ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுகிற சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நடப்பதைக் குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

"திருப்பி அனுப்பச் சொன்னது யாரு? தலைமையாசிரியரா?"

"இல்லை. அவர் ஒண்ணும் சொல்லலை."

"அந்த நேரத்துல உங்களோட வேற யாராவது இருந்தாங்களா?"

வெர்லீன் என் பக்கம் திரும்பவே இல்லை. "மேசை இருந்துச்சு. நாற்காலி இருந்துச்சு" என்றார். "திருப்பி அனுப்பினது நான்தான். அதுல எழுதியிருக்கேனே, வாசிக்கத் தெரியலையா?"

அவர்களில் ஒருவர் முகம் சிவந்தது. நான் தட்டெழுதினேன். உடன் இருந்தவர்கள்: யாருமில்லை. என் பத்து விரலாலும் அதைத் தட்டினேன். நடுவில் ஒரு தடவை நின்றேன். எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று தொடை வரைக்கும் பலம் வந்தது, அதற்குமேல் ஏறவில்லை. பத்தே நிமிடத்தில் விசாரணை முடிந்துபோனது. பள்ளிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வெர்லீனுக்கு வேலை போனது. மாதக் கடைசியில் அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள்.

இதில் இன்னொரு கேலிக்கூத்து இருக்கிறது. அடுத்த வருடம் ஆசியப் பிள்ளைகள் இருபத்து மூன்று ஆனார்கள். நட்சத்திரம் போனது, எண் வந்தது. நூற்றுக்கு ஒன்பது. பயந்து செத்துக்கொண்டிருந்தோம். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, முன்னேற்றத் திட்டம் ஒன்று எழுதி அனுப்புங்கள் என்று. மிஸ்டர் ப்ரூயிட் நாற்பது பக்கத்தில் ஒன்று எழுதி அனுப்பினார். இரண்டு ஆசிரியர்களைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பள்ளி நடந்தது. எதைத் தடுக்க அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பினேனோ, அது வந்து, ஒரு திட்டம் கேட்டுவிட்டுப் போய்விட்டது. படுபாவி, மூன்று நாளில் ஒரு பிள்ளையின் ஏழு மாதத்தைத் தின்றேனே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன்.

வெர்லீன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சாலையில் நான் போவதில்லை. சுற்றிக்கொண்டு போவேன்.

கீஷான் இப்போது ஏழாம் வகுப்பு. வாய் மூடுவதே இல்லை. ரொஃபிகா எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். போன மாதம் வந்த வாசிப்பு மதிப்பெண்ணில் அவள் வயதுப் பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருடத்தில் ஆறு வருடப் படிப்பைத் தாவியிருக்கிறாள். அறிக்கையில் அவள் ஓர் எண்ணுக்குள் ஓர் எண்.

போன வெள்ளிக்கிழமை அவளும் அவள் தாயும் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய தாள்களில் தாயின் கையெழுத்து வேண்டும். இப்போதெல்லாம் அந்த வீட்டுக்குத் தொலைபேசி தேவையில்லை, ரொஃபிகாவே மொழிபெயர்ப்பாள். கையெழுத்துப் போட்டதும் தாய் ஏதோ கேட்டாள்.

"மிஸ் ஜெனிட்டா, முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்கல்ல? எங்களைத் திருப்பி அனுப்பினாங்களே, அவங்க. அவங்க எங்க இருக்காங்கன்னு அம்மா கேக்குறாங்க. என் மார்க்கைக் காட்டணுமாம்."

முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். எதிரே ரொஃபிகா நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை.

"அவங்க உங்களைத் திருப்பி அனுப்பலை ரொஃபிகா" என்றேன். "திங்கட்கிழமை வரச்சொல்லுங்கன்னு போன்ல சொன்னது நான். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னாள். தாய் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அவள் நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னாள்.

"அந்த அம்மா எங்க வீட்டுக்கு ஒன்பது தடவை வந்தாங்களாம்" என்றாள் ரொஃபிகா. "பனியில நிப்பாங்களாம். ஜன்னல் வழியா அம்மா பாத்துட்டே இருப்பாங்க, பயத்துல திறக்க மாட்டாங்க. கதவு திறந்த அன்னிக்கு அந்த அம்மா அழுதுட்டாங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க. அம்மா அன்னிக்கே மன்னிச்சுட்டாங்களாம்."

தாய் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள், என்னைப் பார்த்து. ரொஃபிகா தயங்கினாள்.

"சொல்லும்மா" என்றேன்.

"நீங்க ஒரு தடவைகூட வரலையேன்னு கேக்குறாங்க."

"ஆமா" என்றேன். "நான் வரலை."

ரொஃபிகா அதையும் தாய்க்குச் சொன்னாள்.